ஏரி நிரம்பி நிற்கிறது, வீட்டுக்கு லாரியில் தண்ணீர் வருகிறது: கணக்கு எங்கே உதைக்கிறது?

மே 11, இரவு

வாசகர் ஒருவர் கேட்டது: "தாம்பரம் பக்கம் வீடு வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கோடை வந்தால் லாரி, நவம்பர் வந்தால் வாசலில் முட்டி அளவு தண்ணீர். இனியும் ஏரி, குளம், கிணறு என்று பழங்கதை பேசுவதில் அர்த்தமில்லை. கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்தது. யாராவது மறுக்க முடியுமா?"

நான் மறுக்கிறேன். நானும் கிழக்குத் தாம்பரம்தான். சிட்லபாக்கத்துக்கும் செம்பாக்கத்துக்கும் நடுவில் 24 வீடு உள்ள ஒரு குடியிருப்பில் 2004இலிருந்து இருக்கிறேன். நீங்கள் சொல்லும் லாரியும் தெரியும், முட்டி அளவு தண்ணீரும் தெரியும். ஆனால் லாரிக்குப் பதிலாகக் குழாய், வெள்ளத்துக்கு வடிகால் என்று இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துவிடுகிறீர்களே, அங்கேதான் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மே மாதம் லாரியில் வருவதும், நவம்பரில் வாசலில் நிற்பதும், வருடம் முழுக்க நம் குளியலறையிலிருந்து கால்வாய்க்குப் போவதும் ஒரே தண்ணீர். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் அசையும்.

சென்னை வட்டாரத்தில் வருடத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதை ஒழுங்காகப் பிடித்தாலே போதும், கடல் பக்கம் போக வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது, செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்தார்கள், முடிச்சூர் மூழ்கியது. அவ்வளவு தண்ணீரையும் கடலுக்கு அனுப்பிவிட்டு அடுத்த மே மாதம் லாரிக்குக் காத்திருந்தோம்.

மே 12, காலை

நேற்று எழுதியதில் ஒரு தவறு. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேலே இருக்கின்றன. அங்கே வீடுகளுக்குள் வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து இறங்கி வந்த தண்ணீர். செம்பரம்பாக்கம் திறந்தது திருநீர்மலைக்குக் கீழே உள்ளவர்களின் கதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டேன்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் உள்ளதல்ல, ஊரே அப்படித்தான் பேசுகிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாமலே பத்து இருபது வருடம் ஓர் ஊரில் இருந்துவிடலாம். சென்னையிலிருந்து தெற்கே போகிற ஜிஎஸ்டி நெடுஞ்சாலையைத் தோராயமாக ஒரு வரப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே விழுகிற மழை அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே எங்கள் பக்கம் விழுவது சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு, அப்புறம் கடல். 2021இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினார்கள். மாநகராட்சி ஒன்றுதான், தண்ணீருக்கு இரண்டு திசை.

மே 14

2019 வறட்சி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

அந்த ஜூன் மாதம் எங்கள் போர்வெல் காற்றைத்தான் இறைத்தது. 12,000 லிட்டர் லாரிக்குச் சொல்லி வைத்தால் நான்காம் நாள் வரும், அதுவும் ராத்திரி ஒரு மணிக்கு. சங்கத்தில் முறை போட்டு முழித்திருந்தோம். லாரிக்காரர் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தார், கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. ஒருநாள் என் முறை. தண்ணீர் இறங்கி முடிந்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, எங்கிருந்து எடுத்து வருகிறீர்கள், நானும் பின்னாலேயே வரலாமா என்று கேட்டேன். "வாங்க சார், ஒளிக்க என்ன இருக்கு" என்றார். பைக்கில் பின்னால் போனேன். வண்டலூர் தாண்டி, மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து, ஒரு கிராமத்து வயல்வெளிக்குள் வண்டி நின்றது. விடிந்தும் விடியாத நேரம். சதுரக் கிணறு, சிமெண்ட் பூசாத கருங்கல் சுவர், மூலையில் ஓர் ஆயில் இன்ஜின், அதன் பக்கத்தில் புதிதாக மாட்டிய ஏழரை எச்பி மோட்டார். மூன்று லாரிகள் வரிசையில் நின்றன. கிணற்றைச் சுற்றி வயலில் வெட்டிய நெற்கட்டை காய்ந்து வெடித்துக் கிடந்தது, அதன்மேல் டயர்த் தடம்.

கிணற்றுக்காரர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார், லாரிக்கு ஒரு கோடு. நான் யார் என்று லாரிக்காரர் சொன்னதும் எழுந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார். இனிப்பான தண்ணீர். "நெல்லு வச்சா கையைக் கடிக்குது தம்பி. தண்ணி வித்தா அன்னைக்கே காசு. ஆனா பக்கத்துக் கொல்லைக்காரன் எங்கிட்ட பேசறதில்ல, அவன் கிணறு வத்திப்போச்சு" என்றார். யாரையும் அவர் குறை சொல்லவில்லை. நான்தான் அந்தச் சொம்பைப் பிடித்தபடி நின்றேன். எங்கள் 24 வீட்டுச் சம்ப் நிரம்புவதற்கு, பெயர் தெரியாத ஒருவருடைய கிணறு வற்றியிருக்கிறது.

மறுமாதம் ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். டிவியில் மேளதாளம் காட்டினார்கள். நான் அந்த நெற்கட்டையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 14, பின்னிரவு

விட்டுப்போனது ஒன்று. திரும்பி வரும்போது எதிரே ஒரு கழிவுநீர் லாரி போனது. எங்கள் பக்கத்துக் குடியிருப்பின் செப்டிக் டேங்கை உறிஞ்சிக்கொண்டு போகிறது. அதே சாலை, அதே தெற்குத் திசை. நல்ல தண்ணீர் அந்தக் கிராமத்திலிருந்து வருகிறது, நம் கழிவு அந்தப் பக்கமே திரும்பிப் போகிறது.

மே 19

"போரை இன்னும் 200 அடி இறக்கினால் தண்ணீர் வராதா?" என்று கேட்டவருக்கு.

வரலாம், வராமலும் போகலாம். நம் காலடியில் இருப்பது சார்னோக்கைட் என்ற பாறை. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோய் வைத்தார்கள். பின்னால் தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்துப் பாறைக்கே சார்னாக் பெயரை வைத்துவிட்டார். பல்லாவரம் சார்னோக்கைட் இன்று தேசிய நிலவியல் சின்னம். அதே பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். விஷயம் எங்கோ போகிறது, சரி, திரும்பி வருகிறேன்.

இந்தப் பாறைக்குள் மணலில் நிற்பதுபோலத் தண்ணீர் நிற்காது. மேலே உளுத்துப்போன பாறை கொஞ்ச ஆழத்துக்கு இருக்கும், அது பஞ்சு மாதிரி மழையைக் குடித்து வைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே கெட்டிப் பாறை, அதில் அங்கங்கே வெடிப்பு. போர் போடும்போது வெடிப்பு கிடைத்தால் தண்ணீர், கிடைக்காவிட்டால் 600 அடிக்கும் வெறும் மாவுதான். அந்த வெடிப்புக்கும் தண்ணீர் மேலே இருக்கிற பஞ்சிலிருந்துதான் இறங்க வேண்டும். நாம் அந்தப் பஞ்சின்மேல் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு, கீழே இன்னும் ஆழமாக ஸ்ட்ரா செருகுகிறோம். எங்களுக்கு 180 அடி போர் செத்தது, 420 அடி போர் ஐந்து வருடத்தில் திணற ஆரம்பித்தது. ஆனால் மனையின் பின்மூலையில் பழைய நிலத்துக்காரர் வெட்டி வைத்த 34 அடிக் கிணறு ஒன்று சிலாப் போட்டு மூடிக் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு வருடம் அதன்மேல் ஸ்கூட்டர் நிறுத்தியிருக்கிறோம்.

மே 26

கிணற்றைத் திறந்த கதை கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் குழியின் கதை.

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம் என்று வந்தது. எங்கள் கட்டடம் அதற்குப் பிறகு கட்டியது, பிளானில் குழி இருக்கிறது, வாசலில் வட்ட மூடியும் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் சேர்ந்து அந்த மூடியைக் கடப்பாறையால் நெம்பித் திறந்தோம். மூன்றடி ஆழம், உள்ளே உடைந்த டைல்ஸ், சிமெண்ட் சாக்கு, ஒரு செருப்பு. மொட்டைமாடியிலிருந்து வரும் குழாய் சுவரோரம் மண்ணுக்குள் இறங்கி அரை அடியில் முடிந்துவிட்டது. குழிக்கும் குழாய்க்கும் இணைப்பே இல்லை. பதினைந்து வருடம் மாடித் தண்ணீர் முழுவதும் தெருவுக்குத்தான் போயிருக்கிறது. கட்டியவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை, அப்படிக் கட்டியவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. உங்கள் வீட்டு மூடியைத் திறந்து பாருங்கள், இன்றைக்கே.

அப்புறம் கிணற்றைத் திறந்து, தூர் வாரி, மாடிக் குழாயை நேராகக் கிணற்றுக்கு விட்டோம். அதில் அவசரப்பட்டது தவறு. எங்கள் மாடி முழுக்கப் புறா. முதல் மழையில் எச்சமெல்லாம் கரைந்து கிணற்றுக்குள் போய், இரண்டு வாரம் தண்ணீர் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோக முடியாத நாற்றம். எல்லாத் தண்ணீரையும் இறைத்து ஊற்றினோம், ப்ளீச்சிங் பவுடர் போட்டோம். பிறகுதான் கொத்தனாரை வைத்து வடிகட்டித் தொட்டி கட்டினோம். அடியில் பெரிய கூழாங்கல், மேலே ஜல்லி, அதன்மேல் அடுப்புக் கரி, மேலே மணல். மாடிக் குழாய் தரைக்கு வரும் இடத்தில் ஒரு டீ (T வடிவக் குழாய் இணைப்பு) போட்டு, அடியில் மூடி. பருவத்தின் முதல் இரண்டு மழைக்கு மூடியைத் திறந்து தண்ணீரைத் தெருவில் விட்டுவிட வேண்டும், அப்புறம்தான் கிணறு. வருடத்துக்கு ஒருமுறை மணலைக் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் தண்ணீர் மேலே வழிந்து எல்லாம் வீண்.

ஜூன் 2

மழையைப் பிடித்தாலே போதும் என்று மே 11இல் எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உதைக்கிறது.

எங்கள் மொட்டைமாடி 5,000 சதுர அடி, அதாவது 465 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 465 லிட்டர். வருடத்துக்கு 1,400 மில்லிமீட்டர் என்றால் ஆறரை லட்சம் லிட்டர். ஆவியானது, வழிந்தது போக 80 சதவீதம் பிடித்தாலும் 5.2 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 24 வீடு, வீட்டுக்கு நாலு பேர், 96 பேர். நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கிற அளவு. ஒரு நாளைக்கு 12,960 லிட்டர். 5.2 லட்சத்தை அதால் வகுத்தால் 40 நாள். மாடியில் பிடிக்க முடிந்த மழை அவ்வளவையும் சேர்த்தாலும் 40 நாளைக்குத்தான் வரும். தனி வீட்டில் நாலு பேர் இருந்தால் கணக்கு வேறு, அங்கே மாடி பெரிது, ஆள் குறைவு. ஊர் மாடி மாடியாக உயர்ந்துகொண்டே போகும்போது ஆளுக்குக் கிடைக்கும் வானம் சுருங்குகிறது.

அப்போ மீதி 325 நாள்? இங்கேதான் ராத்திரி தூக்கம் போனது. அந்த 135 லிட்டரைப் பிரித்துப் பாருங்கள். குளிக்க 55, துணி துவைக்க 20, கழிவறைக்கு 30, பாத்திரத்துக்கு 10, வீடு கழுவ 10, சமையலுக்கு 5, குடிக்க 5. குளியலும் துணியும் மட்டும் 75. எங்கள் 96 பேருக்கு ஒரு நாளைக்கு 7,200 லிட்டர், வருடத்துக்கு 26 லட்சம் லிட்டருக்கு மேல். மாடி மழையைப்போல ஐந்து மடங்கு! மழைக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். இது தினமும் காலை ஆறு மணிக்கு வந்துவிடுகிறது, 2019 ஜூனிலும் வந்தது, ஏனென்றால் லாரித் தண்ணீரில் குளித்தாலும் அது கீழேதான் இறங்குகிறது.

நாம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பெரிய ஏரி நம் குளியலறைக் குழாயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 3

"சாக்கடையைக் குடிக்கச் சொல்கிறீர்களா?" இல்லை அம்மா. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் போதும், அதற்கு எந்தச் சமரசமும் வேண்டாம். நான் பேசுவது கழிவறையில் ஊற்றுவதற்கும், செடிக்கும், மண்ணுக்குள் இறக்குவதற்கும். பெரிய அளவில் இது புதிதும் இல்லை. மணலியில் தொழிற்சாலைகள் 1990களிலேயே சுத்திகரித்த கழிவுநீரை வாங்க ஆரம்பித்தன. இன்று கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளுக்கு நாலரைக் கோடி லிட்டர் வீதம் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு செய்து தொழிற்சாலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் செய்கிற இடங்களுக்குக் கோயம்பேட்டுத் தண்ணீர் போகிறது. அந்த அளவுக்கு ஏரித் தண்ணீர் மனிதர்களுக்கு மிச்சம்.

ஜூன் 16

இப்போது ஏரிக்கு வருகிறேன். இந்தத் தலைப்பை வைத்ததே அதற்காகத்தான்.

எங்கள் தெருக்கோடி ஏரி மே மாதத்திலும் நிரம்பி இருக்கிறது. ஊரில் ஒருவருக்கும் குடிக்கத் தண்ணீர் இல்லாத மாதத்தில் ஏரி மட்டும் ததும்புகிறது, மேலே ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்த மாதிரி. புதிதாக வருகிறவர்கள் "அட, தண்ணி இருக்கே!" என்று சந்தோஷப்படுகிறார்கள். அது மழைத் தண்ணீர் இல்லை. சுற்றியுள்ள தெருக்களின் குளியல், பாத்திரம், செப்டிக் வழிவு எல்லாம் மழைநீர் வடிகால் வழியாகத் தினமும் அங்கே வந்து சேர்கிறது. எங்கள் கட்டடத்துத் தண்ணீரும் சேர்த்துத்தான்.

ஏரியின் வேலை கோடையில் வெறுமையாகி, ஐப்பசியில் நிரம்புவது. வெறுமையாக இருந்தால்தான் வாங்கும். வடகிழக்குப் பருவம் வரும்போது அது ஏற்கனவே நம் கழிவால் நிரம்பியிருந்தால், முதல் பெருமழையே நேராகக் கலங்கலை, அதாவது ஏரி நிரம்பினால் உபரி வழிகிற கல் சுவரை, தாண்டி அடுத்த ஏரிக்கு, அந்த ஏரியும் நிறைந்திருப்பதால் அதற்கடுத்ததற்கு, கடைசியில் தெருவுக்கு. ஆக நவம்பரில் முட்டி அளவு நிற்கிற தண்ணீருக்கும் மே மாதத்தில் நாம் குளித்த தண்ணீருக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. இதை நான் புரிந்துகொள்ள 2015, 2023 என்று இரண்டு வெள்ளம் தேவைப்பட்டது.

காலி செய்துவைக்கலாமே என்பீர்கள். எப்படி? ஏரியை இறக்குவது மதகு வழியாக. மதகுக்குக் கீழே ஒரு காலத்தில் நெல் வயல், தண்ணீர் வயலுக்குப் போகும், ஏரி இறங்கும், வயல்காரர்களே கரையைப் பார்த்துக்கொள்வார்கள். இன்று அந்த ஆயக்கட்டுதான் எங்கள் மனை. எங்கள் கட்டடம் நிற்பது வயலில். மதகை மூடி சிமெண்ட் பூசிவிட்டார்கள். வாய் இருக்கிறது, வயிறு இருக்கிறது, வெளியேறும் வழி இல்லை.

கலங்கல் சண்டையையும் சொல்ல வேண்டும். கோடையில் ஒரு கூட்டம் நடந்தால் "கலங்கலை ஓரடி உயர்த்துங்கள், தண்ணீர் நிற்கட்டும், போர் ஊறட்டும்" என்று கை தூக்குவார்கள். டிசம்பரில் அதே ஆட்கள், "கலங்கலை உடைத்து விடுங்கள், வீட்டுக்குள் வருகிறது" என்று போய் நிற்பார்கள். நானும் இரண்டு கூட்டத்திலும் கை தூக்கியவன்தான். கரைக்கு மேலே இருப்பவருக்கு ஒரு நியாயம், கீழே இருப்பவருக்கு ஒரு நியாயம். கல்லைக் கூட்டிக் குறைத்துத் தீராது. மதகைத் திறக்கக்கூடியதாகச் செய்து, கழிவு வரவை நிறுத்தி, புரட்டாசிக்குள் ஏரியை இறக்கி வைத்தால் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே பதில் கிடைக்கும்.

ஜூன் 17

ஏரிக்கரையில் நடைபாதை, விளக்கு, பூங்கா பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம் என்று சொல்லவில்லை, நானே காலையில் கரையில் நடக்கிறவன். மக்கள் ஏரியைப் பார்க்க வந்தால் குப்பை கொட்டுவது குறையும், அது உண்மை. ஆனால் பணம் முதலில் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வரத்துக்கால்வாய்க்குப் போக வேண்டும்.

ஜூலை 7

குளியல் தண்ணீரை வடிகட்ட நாங்கள் போட்ட கல்வாழைப் பாத்தி பற்றிப் பலர் கேட்கிறீர்கள்.

எங்கள் கட்டடத்தில் ஒரு நல்ல விஷயம், கழிவறைக் குழாயும் குளியலறைக் குழாயும் வெளிச்சுவரில் தனித்தனியாக இறங்குகின்றன. உங்கள் கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள், தடிமனானது ஒன்று, மெலிந்தது ஒன்று. தனித்தனியாக இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். 2021இல் ஆறு வீடுகளின் குளியல் குழாயை மட்டும் திருப்பி, காம்பவுண்ட் ஓரம் 20 அடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு பாத்திக்குள் விட்டோம். அடியில் ஜல்லி, மேலே மணல், அதில் கல்வாழையும் சேம்பும் நெருக்கமாக நட்டது. சோப்புத் தண்ணீரை வேர் வாங்கிக்கொள்கிறது. பாத்தியின் கடைசியில் உறை இறக்கிய சிறு குழி, அங்கிருந்து மண்ணுக்குள்.

இதிலும் ஒரு திருத்தம். முதலில் பாத்தித் தண்ணீரைக் கிணற்றுக்கே விடலாம் என்று வாதாடியவன் நான். எங்கள் இரண்டாம் மாடி டீச்சர், பள்ளியில் வேதியியல் எடுப்பவர், "முடியவே முடியாது, நேராகக் கிணற்றில் விட்டால் மண் வடிகட்டுவதற்கு நேரமே இல்லை, கிணற்றிலிருந்து தள்ளி ஆழமில்லாத குழியில் விடுங்கள்" என்று பிடிவாதமாக நின்றார். அவர் சொன்னதுதான் சரி. பாத்தி வாசலோரம், கிணறு பின்மூலையில், நடுவில் 70 அடி.

முதல் வருடம் கொசு வருகிறது என்று புகார் வந்தது. ஒருவர் வீட்டில் வாஷிங் மெஷின் நுரை பாத்தி மேலே பொங்கி நின்றது, மணல் அடைத்துக்கொண்டது, இரண்டு ஞாயிறு வாரி எடுத்தோம். தண்ணீர் மணலுக்குக் கீழே ஓட வேண்டும், மேலே தெரியக்கூடாது. மேலே தெரிந்தால் அடைப்பு, உடனே பார்க்க வேண்டும். இப்போது 14 வீடுகள் பாத்தியில். மீதி 10 வீட்டின் குழாய் தெருப்பக்கச் சுவரில், அதைத் திருப்ப வழி கிடைக்கவில்லை.

ஆகஸ்ட் 18

"இதெல்லாம் அரசாங்கத்தின் வேலை, நாம் ஏன்?" என்ற கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்: ஆமாம், பெரும்பகுதி அரசின் வேலைதான். பாதாளச் சாக்கடை இல்லாமல் எத்தனை கல்வாழை நட்டாலும் ஏரி தெளியாது. ஆனால் அங்கேயும் சிக்கல் தண்ணீரைத் துண்டு போட்டதில்தான் இருக்கிறது. ஏரி ஒரு துறை, தெரு வடிகால் ஒரு துறை, பெரிய சாலைக்கு அடியில் போகிற கல்வெர்ட் ஒரு துறை, குடிநீர் ஒன்று, சதுப்புநிலம் வனத்துறை. பாலாற்றுப் படுகையிலிருந்து தாம்பரத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் அது எங்கே கழிவாக இறங்கும் என்று கணக்கு வைப்பதில்லை, வடிகால் கட்டுகிறவர்கள் அதன் கடைசியில் உள்ள ஏரியின் மட்டம் என்ன என்று கேட்பதில்லை. ஒவ்வொருவரும் தம் துண்டை நேர்மையாகச் செய்தாலும் கூட்டிப் பார்த்தால் வெள்ளம்.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, எல்லோருக்கும் பெருமை. மேலே உள்ள ஏரிகளிலிருந்து அங்கே போய்ச் சேருவது என்ன தண்ணீர் என்பதைத் தீர்மானிக்கிறவர்கள் நாம். சதுப்பைச் சுற்றி வேலி போடலாம், மேலிருந்து இறங்கி வருவதற்கு வேலி போட முடியாது.

வார்டு எல்லையில் கூட்டம் போடுவதை நிறுத்தி, ஏரிச் சங்கிலிக்கு ஒரு குழு என்று வைக்க வேண்டும். சிட்லபாக்கத்துக்காரரும் நாராயணபுரத்துக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் மேலே திறப்பது கீழே என்ன ஆகும் என்ற பேச்சே வரும்.

அக்டோபர் 21

ராத்திரி முழுக்க மழை. காலை ஐந்தரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு வடிகட்டித் தொட்டியைப் பார்க்கப் போனேன். மூன்றாவது மழை என்பதால் டீயின் மூடி நேற்றே போட்டாயிற்று. மணல்மேல் தண்ணீர் நாலு விரல் உயரம் நின்று, சுருண்டு, ஓரமாக உள்ளே இறங்குகிறது. கிணற்றுப் பக்கம் காதை வைத்தால் உள்ளே குழாயிலிருந்து விழுகிற சத்தம். வாட்ச்மேன் அண்ணனும் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

நவம்பர் 10

முதல் கேள்வியைக் கேட்டவர் திரும்ப வந்து, "கடல்நீருக்கு மட்டும் பதில் சொல்லவில்லையே" என்கிறார். நியாயம்.

நான் எதிரி இல்லை. மீஞ்சூர் 2010இல், நெம்மேலி 2013இல், இரண்டும் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் நெம்மேலியில் இன்னும் 15 கோடி. பேரூரில் 40 கோடிக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள், தாம்பரமும் அதன் பயனில் வருகிறது. 2019 மாதிரி ஏரிகளெல்லாம் வற்றிய வருடத்தில் கடல்தான் வற்றாமல் இருந்தது, அதை மறுத்தால் மனசாட்சி உறுத்தும். ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது, சரி, வேறு வழியில்லாதபோது கொடுக்கத்தான் வேண்டும்.

என் பயம் வேறு. குழாயில் நூறு லிட்டர் வந்தால் அதில் எண்பது கழிவாக வெளியே போகும், பொறியாளர்கள் போடுகிற கணக்கே அதுதான். கழிவு போக வழி செய்யாமல் குழாயை மட்டும் பெரிதாக்கினால் அந்த எண்பதும் ஏரிக்குத்தான் வரும். இதுவரை லாரி செலவுக்குப் பயந்து சிக்கனமாக இருந்த வீடுகள் தாராளமாகப் புழங்கும், ஏரி இன்னும் சீக்கிரம் நிரம்பும், நவம்பரில் முட்டி அளவு இடுப்பளவாகும். கடலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்து மேட்டுக்கு ஏற்றி, நம் வாசலில் வெள்ளமாக நிறுத்துவோம். உங்கள் குழாய் வரட்டும், நான் வரவேற்கிறேன். அதே பள்ளத்தில், அதே வருடத்தில், கழிவுநீர்க் குழாயும் இறங்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

நவம்பர் 11

அவர் எழுதியது: "கழிவுநீர்க் குழாய் விஷயத்தில் சேர்ந்துகொள்கிறேன். ஏரி விஷயத்தில் இன்னும் சந்தேகம்தான்." போதும். டிசம்பரில் ஒரு ஞாயிறு கலங்கலுக்கு வாருங்கள், நின்று பார்த்துவிட்டுப் பேசலாம்.

டிசம்பர் 8

வந்தார். மனைவியையும் அழைத்து வந்தார். கலங்கல் மேலே ஒரு சாண் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, நுரையோடு. அவர் அதிகம் பேசவில்லை, செம்பாக்கத்துக்கு அடுத்து எந்த ஏரி என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அவர் வீடு கீழ்க்கட்டளை பக்கம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தண்ணீர் அவர் வீட்டுப் பக்கம்தான் போகிறது.

கிணறு இன்று: சுவர் விளிம்பிலிருந்து 9 அடியில் தண்ணீர். மே 11 அன்று 27 அடி.

டிசம்பர் 9

நேற்று போட்ட அளவில் திருத்தம்: 9 இல்லை, 9 அடி 8 அங்குலம். கயிறு நனைந்து இழுத்துக்கொண்டது. எப்படி அளக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு: நைலான் கயிறு வேண்டாம், இழுபடும். தையல்காரர் டேப்பும் வேண்டாம். கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டை இரும்பு அளவு டேப்பின் முனையில் கட்டி இறக்குங்கள், தண்ணீரைத் தொட்டதும் டொப் என்று கேட்கும், அப்போது விளிம்பில் எண்ணைப் படியுங்கள். எப்போதும் ஒரே இடத்திலிருந்து அளக்க வேண்டும், சுவரில் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை நிறுத்தி ஆறு மணி நேரமாவது ஆன பிறகு அளந்தால்தான் சரியான மட்டம் கிடைக்கும். நாங்கள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அளக்கிறோம், உங்கள் அளவையும் இங்கே போடுங்கள்.